கண்ணாடி உடையவில்லை, சம்பந்தி

தருமபுரம், காரைக்கால்.
பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி கருப்பையன் அவர்களுக்கு,

சோமசேகரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் பெரியநாயகியும் வீடும் நலம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மா செல்லம் அவர்களும், மாப்பிள்ளை மணிபாரதியும், வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் மகள் சிவப்ரியாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் சொல்லும் இடத்தில் வீட்டையும் சேர்த்து எழுதுவது வழக்கமில்லைதான். உங்களுக்கு எழுதும்போது அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று மாப்பிள்ளை சிரிப்பார். சிரிக்கட்டும். போனில் பேசினால் நீங்கள் "செரி செரி, பாப்போம் சம்பந்தி" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸாப்பில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு பக்கம் பக்கமாக அடித்து அனுப்பினால், பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வருகிறது. அந்தக் கட்டைவிரலுக்குச் சம்மதம் என்று பொருளா, போதும் நிறுத்து என்று பொருளா என்று எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க விவாதம் நடந்து, குழம்பு ஆறியதுதான் மிச்சம். ஆகவே பதிவுத் தபால். இதையும் நீங்கள் பாதியில் கீழே வைக்கலாம், ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கு அத்தாட்சி என்னிடம் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசி மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்க நீங்களும் சம்பந்தியம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வடை பாயசத்தோடு சாப்பாடு முடிந்தது. பாயசம் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டீர்கள், எங்களுக்கும் மகிழ்ச்சி. வெற்றிலைத் தட்டை முன்னால் வைத்ததும், நல்ல நாள் எது, ராகு காலம் எப்போது என்று பார்க்கலாம் என்றீர்கள். நான் உள்ளே போய்ப் பஞ்சாங்கம் எடுத்து வருகிறேன் என்று எழுந்தேன். அதற்குள் நீங்களே எழுந்து போய், கூடத்துத் தூணில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரை ஆணியோடு சேர்த்துக் கழற்றிவிட்டீர்கள். அந்தக் காலண்டர் அங்கே மாட்டப்பட்டது நாள் பார்ப்பதற்காக அல்ல என்பதை நீங்கள் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. பின்னால் விரிசல் இருந்தது. உத்தரத்தின் அடியில் தொடங்கி, தூணின் இடுப்பு வரை இறங்கி வருகிற விரிசல். நீங்கள் என்ன செய்தீர்கள்? தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, அந்தக் காம்பை விரிசலுக்குள் விட்டுப் பார்த்தீர்கள். அது முழுதாக உள்ளே போய்விட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பி என்னைப் பார்த்து, "ஏன் சம்பந்தி, புள்ளத்தாச்சிய இந்த வீட்டுலயா கொண்டாந்து வைக்கச் சொல்றீங்க? மொதல்ல வீட்ட செரி பண்ணுங்க. அப்பறம் அனுப்பறதப் பத்திப் பேசுவோம்" என்றீர்கள்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது நான் ஏற்படுத்திய சட்டம் அல்ல. உங்கள் பக்கத்திலும் அதுதான், எங்கள் பக்கத்திலும் அதுதான். நன்னிலம் தமிழ்நாடு, காரைக்கால் புதுச்சேரி என்பதற்காகப் பெண்ணைப் பெற்றவர்களின் உரிமை எல்லைச் சாவடியோடு முடிந்துவிடாது. ஒரே மகள். அவளுக்காக மாடி அறையை ஒழித்து, சுவருக்கு இளமஞ்சள் அடித்து, கட்டில் போட்டு, பிள்ளை பிறந்ததும் தூளி கட்டுவதற்கு உத்தரத்தில் கயிறு விட்டு, அந்தக் கயிற்றில் நானே ஒரு முறை தொங்கியும் பார்த்துவிட்டேன். பெரியநாயகி திட்டினாள். ஆனால் சோதிக்காமல் எதையும் சரி என்று சொல்லிப் பழகாதவன் நான். எடையளவு ஆய்வாளராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். காரைக்கால்மேட்டு மீன் ஏலத்தில் தராசுத் தட்டின் அடியில் காந்தம் ஒட்டி வைத்திருந்த வியாபாரியை, தட்டைத் தொடாமலே, நின்ற இடத்திலிருந்து கண்டுபிடித்தவன். என் கண்ணில் மண்ணைத் தூவ இந்தக் கடற்கரையில் ஆள் கிடையாது. அப்படிப்பட்டவனிடம் வெற்றிலைக் காம்பைக் காட்டுகிறீர்கள்.

இருந்தாலும் சம்பந்தி சொல்லுக்கு மரியாதை கொடுத்து, நீங்கள் போன கையோடு கொத்தனாரை வரவழைத்தேன். அவர் தூணைச் சுற்றி வந்து, காதை வைத்துக் கேட்டு, சுத்தியலால் பூச்சை ஒரு தட்டுத் தட்டினார். கொஞ்சம் உதிர்ந்தது. இரண்டாவது தட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த பெரியநாயகி தூணுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் நின்றாள்.

"என்ன பண்றீங்க? புள்ள மாசமா இருக்கறப்ப செவுத்துல ஆணி அடிக்கறதுக்கே யோசிப்பாங்க. நீங்க பில்லரையே கொத்துறீங்களா?"

"சிவப்ரியா நன்னிலத்துல இருக்கா. பில்லர் தருமபுரத்துல இருக்கு" என்றேன்.

"அவ எங்க இருந்தா என்ன? பொறந்த வீடு இதுதானே. புள்ள பொறக்கற வரைக்கும் இந்த வீட்டுல இடிக்கறதும் கெடையாது, கட்டறதும் கெடையாது."

கொத்தனாராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தேன். அவரோ, தன் மனைவி மாசமாக இருந்தபோது கோழிக்கூண்டுக்குக்கூடக் கல் வைக்கவில்லை என்று சாட்சி சொல்லிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார். நியாயம் கேட்பதற்காகச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, பெரியநாயகியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அது நான் செய்த இரண்டாவது முட்டாள்தனம். "அவங்க சொல்றதுதான் செரிண்ணே. வயித்துப்புள்ளக்காரி இருக்கறப்ப வீட்டுல கடப்பாரை படக் கூடாது. எங்க ஒண்ணுவிட்ட அக்கா வீட்டுல கெணத்தத் தூர் வாரப் போயி என்னென்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்து, பெரியநாயகி பதிலுக்கு எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி, பிறகு இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். என் போனில் சார்ஜ் தீரும்வரை பேசினார்கள்.

இப்போது என் நிலைமையை நீங்களே எடை போட்டுச் சொல்லுங்கள். தூணைச் சரி செய்தால்தான் மருமகளை அனுப்புவேன் என்பது உங்கள் உத்தரவு. மருமகள் பெற்றெடுக்கும்வரை தூணைத் தொடக் கூடாது என்பது உங்கள் வீட்டம்மாவின் உத்தரவு. இரண்டும் ஒரே விலாசத்திலிருந்து வந்தவை. அலுவலகத்தில் இப்படி இரண்டு உத்தரவு வந்தால் இரண்டையும் கோப்பில் போட்டுவிட்டு விடுப்பில் போய்விடுவோம். வீட்டில் அதற்கு வழியில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ஜெகபர் அலியின் மகள் தஹ்ஸீனைக் கேட்கலாம் என்று தோன்றியது. அந்தப் பெண் பொறியியல் கல்லூரியில் கட்டடத் துறையில் பாடம் எடுக்கிறாள். பழைய கட்டடங்களில் குறை கண்டுபிடிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. சின்ன வயதில் எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறி விழுந்தவள், இப்போது தூணைப் பார்த்துவிட்டு என்னிடமே கேள்வி கேட்கிறாள். கட்டும்போது எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள், போர் தண்ணீரா, அது உப்பா, மேல்மாடி எப்போது எடுத்தீர்கள், மொட்டை மாடியில் தொட்டி எவ்வளவு பெரியது. நான் எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பதில் சொன்னேன். அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு கருவியை எடுத்தாள். துப்பாக்கி மாதிரி இருந்தது. அதைத் தூணில் வைத்து அழுத்தினால் உள்ளே கான்கிரீட்டின் பலம் தெரியுமாம். பெரியநாயகி "அதுவும் இடிக்கறதுதான்" என்று தடுத்துவிட்டாள். விரல் முட்டியால் தட்டிப் பார்க்க மட்டும் அனுமதி கிடைத்தது.

தஹ்ஸீன் தட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. மறுபடியும் அங்கேயே தட்டினாள்.

"மாமா, உள்ள கம்பி துருப்பிடிச்சு உப்பியிருக்கும்னு தோணுது. பூச்ச எடுத்துப் பாத்தாத்தான் தெரியும். அதுக்கு மாமி விட மாட்டேங்கறாங்க. விரிசல் பழசா, இல்ல இன்னமும் வெலகிக்கிட்டு இருக்கா, அதையாவது தெரிஞ்சுக்கணும்."

அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். நகத்தைவிட மெல்லிய கண்ணாடித் துண்டுகள், விரல் அகலம். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்தையும் பசையால் தூணில் ஒட்டிவிடுவது. விரிசல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது, உடைந்துவிடும். தட்டல் இல்லை, கொத்தல் இல்லை. பெரியநாயகியும் சரி என்றாள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று ஒட்டிவிட்டு, மிச்சக் கண்ணாடித் துண்டுகளையும் பசைக் குழாயையும் ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

"ஒடஞ்சா தொடாதீங்க மாமா. எனக்கு ஒரு போன் போட்டுட்டு, ரெண்டு பேரும் அன்னைக்கே வெளிய வந்துருங்க. நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

சம்பந்தி, அன்றிலிருந்து இன்று வரை அந்தக் கண்ணாடிகளை நான் கண்காணித்து வருகிற மாதிரி அரசாங்கக் கருவூலத்தைக்கூட யாரும் கண்காணித்திருக்க மாட்டார்கள். காலையில் எழுந்ததும் முகம் கழுவி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, டார்ச் விளக்கோடு ஸ்டூலில் ஏறுவேன். மேல் கண்ணாடி, நடுக் கண்ணாடி, கீழ்க் கண்ணாடி. பக்கவாட்டில் ஒளி அடித்துப் பார்ப்பேன். ஒரு கீறல் கிடையாது. வீட்டில் தண்ணீர்க் குவளையில்கூட ஒரு தூசி மிதக்கும், இந்தக் கண்ணாடிகளில் தூசி என்ற பேச்சே இல்லை. சில நாள் அப்போதுதான் கடையிலிருந்து வந்த மாதிரி பளபளப்பாக இருக்கும். பெரியநாயகி வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்துக்கொள்கிறாள் என்பதையும் இந்தச் சந்தர்ப்பத்தில் நீங்கள் குறித்துக்கொள்ளலாம். பார்த்து முடித்து இறங்கியதும் "சரியா இருக்கு" என்பேன். அவள் காபியை நீட்டுவாள். குடிப்பேன். இப்படி நிம்மதியாக நான் காபி குடித்து வருஷங்கள் ஆகின்றன.

இதற்கு நடுவே வீட்டில் சில்லறை விஷயங்கள் சில நடந்தன என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. யாராவது உங்களிடம் மூட்டிவிடுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மாடி அறையின் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் மரம் உப்பும், எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இது பங்குனி மாதம், மழை இல்லை என்று ஜெகபர் அலி எடுத்துச் சொன்னார். கடற்கரைக் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு என்று நான் அவருக்கு விளக்கினேன். ஒரு நாள் மத்தியானம் கூடத்தில் டப்பென்று சத்தம் கேட்டு ஓடிவந்து பார்த்தால் தரை ஓடு ஒன்று தானாக எழும்பி நிற்கிறது. வெயில். இன்னொரு நாள் உத்தரத்திலிருந்து ஒரு துண்டுப் பூச்சு நேராக ரசத்தில் விழுந்தது. நான் அதைக் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டேன், ருசியில் குறை இல்லை. பூசை அலமாரியில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டு உருண்டு தூண் பக்கத்து மூலைக்கே போய்ச் சேருகிறது. எங்கே வைத்தாலும் அங்கேதான் போகிறது. பெரியநாயகி அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். நான் எலுமிச்சம்பழம் உருண்டையாக இருப்பதால் உருள்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

தஹ்ஸீனுக்குத்தான் சமாதானம் ஆகவில்லை. கல்லூரி விட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பாள். போன வாரம் கதவை இழுத்துப் பார்த்தாள், எழும்பிய தரை ஓட்டை மிதித்துப் பார்த்தாள், பிறகு தூண் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் புரியல மாமா. கதவு எறங்கியிருக்கு, தர எழும்பியிருக்கு, கண்ணாடி மட்டும் அப்படியே இருக்கு. இப்படி இருக்கவே முடியாது."

"ஏன் முடியாது? கருவிய வச்சது நீ. கருவி ஒண்ணு சொல்லுது. ஒனக்குப் புடிக்கலங்கறதுக்காகக் கருவிய நம்பாம இருக்கலாமா?" என்று கேட்டேன்.

"நான் தப்பா ஒட்டிட்டேனோ என்னமோ. திருவாரூர்லேர்ந்து எங்க சாரக் கூட்டியாரேன். அதுவரைக்குமாவது மொட்ட மாடித் தொட்டியக் காலி பண்ணுங்க, இந்த உத்தரத்துக்கு முட்டுக் குடுங்க. நீங்களும் மாமியும் எங்க வீட்டுல வந்து இருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது, உள்ளதைச் சொல்கிறேன். தராசு சரியாக நிற்கிறது, முத்திரை உடையவில்லை, ஆனாலும் கடைக்காரர் திருடன்தான் என்று எந்த ஆய்வாளராவது எழுதுவாரா? எழுதினால் மேலதிகாரி விடுவாரா? படித்த பெண், தன் படிப்பின் மேலேயே நம்பிக்கை இல்லாமல் இருக்கிறாளே என்று வருத்தமாக இருந்தது. சார் யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் மனம் நோகக் கூடாது என்பதற்காகத் தொட்டியை மட்டும் பாதி காலி செய்தேன். பெரியநாயகி அந்த நேரம் முழுக்கப் பக்கத்தில் நின்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தஹ்ஸீனுக்கு முறுக்கு கொடுத்து அனுப்பினாள்.

ஆக, சம்பந்தி, நிலவரம் இதுதான். உங்கள் வெற்றிலைக் காம்பு ஒரு நாள் சாட்சி. என் கண்ணாடிகள் தினந்தோறும் சாட்சி. எது பெரிது என்பதை உங்கள் நியாய புத்திக்கே விட்டுவிடுகிறேன். இதற்கு மேலும் நீங்கள் மறுத்தால் காரணம் தூண் அல்ல, வேறு ஏதோ என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒப்பிட்டுப் பேசுவது என் பழக்கம் அல்ல, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டுக் கொல்லைச் சுற்றுச்சுவர் தெருப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. போகிற வருகிறவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போவதை நானே பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்னால் அதைப் பார்த்தும், பெண்ணை அந்த வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று நான் சொன்னேனா? பாயசம் போதும் என்று மட்டும்தான் சொன்னேன்.

சித்திரை பிறந்ததும் வளைகாப்பை வைத்துக்கொள்வோம். பெரியநாயகி ஏழு வகைச் சாதமும் கிளறிக்கொண்டு வருவாள். வளையல் அடுக்கி முடித்ததும், சகுனம் பார்த்து, சிவப்ரியாவை எங்களோடு காரில் ஏற்றி அனுப்பிவிடுங்கள். மாடி அறை தயார். தூளிக் கயிறு தயார். மாப்பிள்ளை வாரக் கடைசியில் வந்து போக வசதியாகத் தனி மின்விசிறியும் போட்டிருக்கிறேன். பிள்ளை தூளியில் கிடந்து ஆடுவதை நீங்களே வந்து பார்த்து, இந்த வீட்டைப் பற்றிச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் நாள் வரும். அன்று நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், பாயசம் மட்டும் போடச் சொல்வேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. சிவப்ரியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் கண்ணில் படும்படி வைக்கச் சொல்லுங்கள், அப்பா கேட்டேன் என்று சொல்லுங்கள். உங்கள் குடும்பமும் எங்கள் குடும்பமும் பேரன் பேத்திகளோடு இதேபோல் உறுதியாக நிலைத்து நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

என்றும் உங்கள் அன்புள்ள,
சோமசேகரன்.

பி.கு.: சம்பந்தி, கடிதம் முடிந்து உறையில் போட்டேன். பக்கங்கள் அதிகமாகிவிட்டதால் உறை வாயைத் திறந்துகொண்டு நின்றது. தஹ்ஸீன் வைத்துவிட்டுப் போன பசைக் குழாயை எடுத்து வா என்று பெரியநாயகியிடம் சொன்னேன். அவள் கூடையில் பூ கட்டிக்கொண்டே "அது தீந்துபோச்சுங்க" என்றாள்.

மூன்று கண்ணாடிக்கு இத்தனூண்டு பசைதான் செலவானது, மிச்சம் எப்படித் தீரும் என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கண்ணாடி ஒடஞ்சுக்கிட்டே இருந்தா பச தீராதா?"

அலமாரியைத் திறந்து டப்பாவைப் பார்த்தேன். கண்ணாடித் துண்டு ஒன்றுகூட இல்லை.

"ஒடஞ்ச கண்ணாடிய வீட்டுல வச்சுக்கலாமாங்க? அதுவும் புள்ளத்தாச்சி வரப்போற வீட்டுல. எடுத்துக் கடாசிட்டு, புதுசா ஒண்ணு ஒட்டிருவேன். நேத்து கடைசியும் தீந்துருச்சு. படத்துக்குக் கண்ணாடி போடற கடைல சொல்லி வச்சிருக்கேன், நாளைக்குத் தர்றேன்னாரு."

எத்தனை முறை மாற்றினாய் என்று கேட்டேன். "எண்ணிக்கிட்டா இருந்தேன்" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தம் போட்டுத்தான் கேட்டேன். அவள் பூவைக் கீழே வைத்தாள்.

"சொன்னா சிவப்ரியாவ அவங்க அனுப்ப மாட்டாங்க. நீங்க காலைல ஏறிப் பாத்து, செரியா இருக்குன்னு சொல்லிட்டு, சிரிச்ச மொகமா காப்பி குடிப்பீங்க. அதக் கெடுக்க மனசு வரல."

சம்பந்தி, நான் அவளைத் திட்டவில்லை. காந்தத்தைத் தூரத்திலிருந்து கண்டுபிடித்தவன், என் வீட்டுத் தூணில் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தது புதுக் கண்ணாடியைத்தான். தஹ்ஸீனுக்குப் போன் போட்டேன். வந்தாள். பூச்சில் விரலை வைத்ததும் அது கட்டியாகப் பெயர்ந்து வந்தது, உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாகத் தூள் கொட்டியது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் கையைப் பிடித்து, செருப்புக்கூடப் போட விடாமல் வெளியே இழுத்து வந்துவிட்டாள். உறையை மட்டும் கையில் வைத்திருந்தேன். இதை ஜெகபர் அலி வீட்டு வாசலில் உட்கார்ந்து, உறையின் முதுகில் எழுதுகிறேன். எதிரே ஆட்கள் சவுக்குக் கட்டைகளை உள்ளே கொண்டுபோய் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். முட்டுக் கொடுப்பது இடிப்பதும் இல்லை, கட்டுவதும் இல்லை என்று பெரியநாயகியும் ஒத்துக்கொண்டாள். தஹ்ஸீன் சொல்கிறாள், மாடி அறைக்கு ஆள் குடிவந்து தொட்டியும் நிறைந்திருந்தால் தாங்கியிருக்காதாம். அந்தத் தூளிக் கயிற்றைக் கட்டியதும் நான்தான், தொங்கிப் பார்த்துச் சரி என்று சொன்னதும் நான்தான்.

சிவப்ரியாவை அனுப்ப வேண்டாம். பிரசவம் உங்கள் வீட்டிலேயே நடக்கட்டும். பிள்ளை பிறந்து, சாத்திரமெல்லாம் முடிந்து, கொத்தனார் வந்து, தஹ்ஸீன் சரி என்று சொல்லும்வரை எங்களுக்கு இங்கே வீடு இல்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குவதை எங்கள் பக்கத்தில் யாரும் செய்ததில்லை, எனக்கும் அதைக் கேட்க வாய் வரவில்லை, எழுதத்தான் வருகிறது. நாளைக் காலையில் பேரளம் போய் வண்டி மாறி வருகிறோம். தபாலை நம்பாமல் இந்தக் கடிதத்தை நானே கொண்டுவருகிறேன். உறைக்குள் இருப்பதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதியிருப்பேன். தாள் வீட்டுக்குள் இருக்கிறது, தஹ்ஸீன் உள்ளே போக விட மாட்டேன் என்கிறாள். உறையின் முதுகை மட்டும் படியுங்கள், உள்ளே இருப்பதைப் பிரிக்க வேண்டாம். படித்ததும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். சிவப்ரியா ஏன் வந்தோம் என்று கேட்டால், உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் அம்மாவும் அப்பாவும் வந்திருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.